பண்டிகைக்கு ஊருக்குப் போகிறீர்களா?
முதலில் திரும்பி வரும் டிக்கெட்டைப் போடுங்கள், போகும் டிக்கெட் அப்புறம். பண்டிகை முடிந்த மறுநாள் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள், அதனால் விடுப்பை ஒரு நாள் நீட்டிக்க முடிந்தால் நிம்மதியாக உட்கார்ந்து வரலாம்.

பிள்ளைகளுக்கு வண்டியில் வாந்தி வருமென்றால், ஏறிய பிறகு மாத்திரை கொடுத்துப் பெரிய பிரயோஜனமில்லை. டாக்டர் சொன்ன அளவில், அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். கையில் சில்லறையாகப் பணம் இருக்கட்டும், பண்டிகை நாளில் ஏடிஎம்மை நம்ப முடியாது.

வீட்டில் உருப்படியாக இருப்பது ஒரே பிளக் பாயிண்ட், அதைச் சுற்றி ஏழு பேர் சார்ஜரோடு நிற்பார்கள் (எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோனால் நீங்கள்தான் ஹீரோ).

நான் மறக்காமல் செய்வது, பெரியவர்களின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்ப்பது. தேதி முடிந்த அட்டை கிடக்கும், ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கும், இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

வேலையா? “ஏதாவது செய்யட்டுமா” என்று கேட்டால் அம்மா “வேண்டாம், நீ போய் உட்கார்” என்றுதான் சொல்வார். கேட்காமல் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுங்கள்.