பயணத்துக்கு ஒரே லென்ஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

புது லென்ஸைத் தேடுவதற்கு முன், இதுவரை பயணங்களில் எடுத்த படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றின் விவரத்திலும் பதிவாகியிருக்கும் குவியத்தூரத்தை (லென்ஸ் எவ்வளவு அகலமாக அல்லது அருகில் காட்டுகிறது என்பதைச் சொல்லும் மி.மீ. எண்) ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. 300 மி.மீ. இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று ஏங்கிக்கொண்டிருந்த எனக்கு, பிடித்த படங்களில் பெரும்பாலானவை 50 மி.மீ.க்குக் கீழே எடுக்கப்பட்டவை என்பது அப்போதுதான் தெரிந்தது. எனவே அகலக் காட்சி முதல் தொலைவு வரை எடுக்கும் ஜூம் லென்ஸ்களின் பெட்டியில் 18-300, 24-200 என்று அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களில், எவ்வளவு அகலமாகக் காட்டும் என்று சொல்லும் முதல் எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். கடைகளில் பேச்சு என்னவோ தொலைவை அருகில் கொண்டுவரும் இரண்டாவது எண்ணைப் பற்றியே நடக்கும்.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் சுமார் 120 அடி உயர ராஜகோபுரத்தைக் கீழே நின்று எடுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். கலசம் வரை முழுதாக வரட்டும் என்று பின்னால் நகர்ந்தால் பூக்கடை, அதற்கும் பின்னே ஆட்டோ, அதற்கு மேல் நகர இடமில்லை. ஃபுல் பிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 28 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை ஏறத்தாழ 75 டிகிரியும், 24 மி.மீ. லென்ஸ் 84 டிகிரியும் காட்டும். தொலைவில் உள்ளதைப் பிறகு வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். சட்டகத்துக்குள் வராமல் போனதை வீட்டுக்கு வந்து சேர்க்க முடியாது. ஃபுல் பிரேமைவிடச் சிறிய கிராப் சென்சார் கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸின் எண்ணை 1.5ஆல், கேனான் என்றால் 1.6ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 18 என்பது 27 அல்லது 29 ஆகிவிடும். 24இன் அகலம் வேண்டுமென்றால் 16 அல்லது 15இல் தொடங்கும் லென்ஸைத் தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது வெளிச்சம். இவ்வகை லென்ஸ்களில் பெரும்பாலானவை நீட்ட நீட்ட அபர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) சுருங்கி, கடைசியில் எஃப் 6.3இல் (எஃப் எண் கூடினால் துளை சிறிது) நிற்கும். எஃப் 2.8 உள்ளே விடும் வெளிச்சத்தில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். வேடந்தாங்கலில் காலை வெயில் ஏறிய பிறகு இது ஒரு குறையாகவே தோன்றாது. அறுபத்துமூவர் திருவிழாவில் பொழுது சாய்ந்த பிறகு, அசைந்து வரும் பல்லக்கை எடுக்கும்போது ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) எவ்வளவு ஏற்றினாலும் போதாது. லென்ஸில் இருக்கும் அதிர்வுத் தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், பல்லக்கைச் சுமப்பவர்களின் நடையை நிறுத்தாது. சோனி மவுன்டுக்கு (லென்ஸைக் கேமராவில் மாட்டும் இணைப்பு) வரும் டாம்ரான் 28-200 எஃப் 2.8இல் தொடங்கி 5.6இல் முடிகிறது, ஆனால் அதில் அதிர்வுத் தடுப்பு இல்லை. நிக்கான் இசட் மவுன்டின் 24-200இல் அது உண்டு, ஆனால் எஃப் 4இல் தொடங்கி 6.3இல் முடிகிறது. ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டிய கதைதான். ஜூமோடு 35 அல்லது 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வது என் வழக்கம். அப்புறம் எப்படி ஒரே லென்ஸ் என்று கேட்டால் பதில் இல்லை.

எடையையும் சற்று யோசிக்க வேண்டும். சோனியின் 18-135 சுமார் 325 கிராம், டாம்ரானின் 18-300 சுமார் 620 கிராம். மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களிலிருந்து கடற்கரைக் கோயிலுக்கு உச்சிவெயிலில் நடக்கும் கழுத்துக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ரிச்சி தெருவானாலும் வேறு கடையானாலும், உங்கள் கேமராவையே கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். அபர்ச்சரை முழுதாகத் திறந்து வைத்து, ஜூம் வளையத்தை மெதுவாகத் திருப்பினால், எந்த இடத்தில் எண் 6.3ஐத் தொடுகிறது என்பது திரையில் தெரியும். சில லென்ஸ்கள் பாதி தூரம் போவதற்குள்ளாகவே அங்கே போய்விடும். எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை நேராக நின்று எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒன்றுபோல் சற்று மங்கியிருந்தால் அது இவ்வகை லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கலாம், வேறு லென்ஸ் கேளுங்கள். பிறகு லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து லேசாக ஆட்ட வேண்டும். தானாக நீண்டு தொங்கினால், பூட்டு விசை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்குவதானால் செல்போன் டார்ச்சைப் பின்புறமிருந்து அடித்து, முன்புறம் சாய்வாகப் பார்ப்பது கட்டாயம். நான் ஒரு முறை இதைச் செய்யாமல் வாங்கி வந்து, சிலந்தி நூல் போலப் படர்ந்திருந்த பூஞ்சையை வீட்டு விளக்கில் கண்டேன். சென்னையின் ஈரக்காற்றில் புது லென்ஸுக்கும் அது வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். ஏசி அறையிலிருந்து வெளியே கிளம்பும்போது மட்டும் பையை உடனே திறக்காமல் அரை மணி நேரம் மூடியே வைத்திருந்தால், கண்ணாடியில் நீர் கோக்காது.