ஓப்போ யுடிபி-205: டிஜிட்டல் ஆடியோவை எந்த வழியாக எடுப்பது?

2017-இல் வந்த இந்த 4கே புளூ-ரே பிளேயரின் பின்பக்கம் டிஜிட்டல் ஒலி வெளியே வர நான்கு வழிகள் உண்டு: இரண்டு எச்டிஎம்ஐ, ஒரு கோஆக்ஸியல், ஒரு ஆப்டிகல். கேபிளைச் செருகும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். டிஸ்க்கில் சுருக்கி வைத்த ஒலியை டீகோட் செய்யப்போவது (விரிக்கப்போவது) பிளேயரா, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரா? மற்ற செட்டிங்குகள் பெரும்பாலும் இதைப் பொறுத்தவை.

ரிசீவர்தான் என்றால் எச்டிஎம்ஐ ஆடியோவை ‘பிட்ஸ்ட்ரீம்’ (ஒலியை விரிக்காமல் அப்படியே அனுப்புவது) என்று வையுங்கள். கூரை ஸ்பீக்கர்களையும் பயன்படுத்தும் டால்பி அட்மாஸ், டிடிஎஸ்:எக்ஸ் வேண்டுமானால் வேறு வழியில்லை. பிளேயர் டீகோட் செய்து பிசிஎம்மாக (விரித்த டிஜிட்டல் ஒலியாக) அனுப்பினால் 7.1 சேனல்களோடு நின்றுவிடும், கூரை ஸ்பீக்கர்களுக்கான தகவல் போய்விடும். வெறும் 5.1 அல்லது 7.1 செட்டப்பில் ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ கேட்பவர்களுக்கு பிட்ஸ்ட்ரீமும் பிசிஎம்மும் ஒன்றே. லாஸ்லெஸ் (தரம் இழக்காமல் சுருக்கும்) கோடெக்கை யார் விரித்தாலும் கிடைப்பது அதே பிட்டுகள்தான். அதற்காக வாதம் செய்து பொழுதைப் போக்க வேண்டாம்.

பிட்ஸ்ட்ரீம் வைத்தும் ரிசீவரில் ‘அட்மாஸ்’ எழுத்து வரவில்லையா? ‘செகண்டரி ஆடியோ’ ஆனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மெனு பட்டன் சத்தத்தையும் இயக்குநர் விளக்கத்தையும் படத்தின் ஒலியோடு கலக்கும் வசதி அது. கலக்க வேண்டுமானால் பிளேயர் மூல ஒலியை டீகோட் செய்தாக வேண்டும். அப்படிச் செய்ததும் அட்மாஸ் காணாமல் போகும். அந்தச் சத்தங்களால் நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆஃப் செய்துவிடுங்கள்.

இரண்டாவது எச்டிஎம்ஐ ஆடியோவுக்கு மட்டும். ரிசீவர் பழையது, 4கே படத்தைக் கடத்தாது என்றால் முதல் எச்டிஎம்ஐயை நேரே டிவிக்கும், இதை ரிசீவருக்கும் கொடுங்கள். படம் ஒரு வழி, ஒலி ஒரு வழி போவதால் உதட்டசைவு பிசகலாம். ரிசீவரின் ஆடியோ டிலேயில் சரிசெய்யலாம்.

கோஆக்ஸியலும் ஆப்டிகலும் தாங்குவது இரண்டு சேனல் பிசிஎம், அல்லது சாதாரண டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் மட்டுமே. ட்ரூஎச்டி இவற்றில் போகவே போகாது. சிடிக்கும் ஸ்டீரியோ ஃபைல்களுக்கும் தனி டாக் (டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் கருவி) வைத்திருப்பவர்களுக்குத்தான் இவை பயன்படும். கோஆக்ஸியலுக்கு 75 ஓம் கேபிள் போடுங்கள். ஆர்சிஏ முனை ஒன்றுபோல இருக்கிறதே என்று சாதாரண ஆடியோ வயரைச் செருகினால் உயர்ந்த சாம்பிள் ரேட்டில் ஒலி விட்டுவிட்டு வரலாம். ஆப்டிகலில் 96 கிலோஹெர்ட்ஸ் வரை நம்பலாம், 192 எல்லாக் கருவியிலும் நிலையாக நிற்காது. ஆனால் கிரவுண்ட் லூப் இரைச்சல் (கருவிகளின் எர்த் இணைப்பால் வரும் ரீங்காரம்) இருக்கும் இடத்தில் ஆப்டிகல்தான் கைகொடுக்கும், அதில் மின்தொடர்பே இல்லை. புதுக் கேபிளின் முனைகளில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற மறக்காதீர்கள். மடித்து நசுக்கவும் வேண்டாம். பிளேயர் மெனுவில் எஸ்பிடிஐஎஃப் (கோஆக்ஸியல், ஆப்டிகல் இரண்டுக்கும் பொதுப் பெயர்) பிசிஎம் வரம்பு 48-இல் இருந்தால் 96 ஃபைலும் 48-ஆக இறங்கித்தான் வெளியே வரும்.

எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) போட்டால் கோஆக்ஸியல், ஆப்டிகல் இரண்டிலும் மௌனம்தான். பழுது இல்லை, பதிப்புரிமைக் கட்டுப்பாடு. எச்டிஎம்ஐ வழியே டிஎஸ்டியாகவோ (எஸ்ஏசிடியின் மூல வடிவம்) பிசிஎம்மாகவோ எடுக்கலாம். ரிசீவரில் ரூம் கரெக்‌ஷன் (அறைக்கேற்ப ஒலியைத் திருத்தும் வசதி) ஓடிக்கொண்டிருந்தால் டிஎஸ்டி அனுப்பினாலும் பெரும்பாலும் அதுவே பிசிஎம்மாக மாற்றிக்கொள்ளும். கோஆக்ஸியலில்தான் கேட்டாக வேண்டும் என்றால், ஹைப்ரிட் டிஸ்க்காக (சிடி அடுக்கும் உள்ளதாக) இருக்கும் பட்சத்தில் எஸ்ஏசிடி முன்னுரிமையை ‘சிடி’ என்று மாற்றுங்கள், 44.1 கிலோஹெர்ட்ஸ் அடுக்கு வரும்.

ஸ்டீரியோ டாக் இணைத்திருப்பவர்கள் எஸ்பிடிஐஎஃப்பை பிட்ஸ்ட்ரீமில் விட்டுவைக்கக் கூடாது. டாக்குக்கு டால்பியோ டிடிஎஸ்ஸோ புரியாது. சிலது மௌனமாக இருக்கும், சிலது அந்தத் தரவையே ஒலியென்று எண்ணி முழு ஒலியில் ‘உஷ்ஷ்’ என்று இரையும். வால்யூம் ஏறியிருந்தால் ட்வீட்டர் போய்விடும். அங்கே எப்போதும் எல்பிசிஎம் (பிசிஎம்தான்) வையுங்கள். டிடிஎஸ் சிடிக்கு (டிடிஎஸ் ஒலி பதிந்த சிடி) மட்டும் அதுவும் போதாமல் போகலாம். அதை முதன்முறை போடும்போது வால்யூமை அடியில் வைத்துத் தொடங்குங்கள்.