எக்ஸோஸ் (புகைக்குழாய்) மாற்றப் போகிறீர்களா? ரெடிமேடா கஸ்டமா என்று கேட்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை கடையைச் சாத்தப் போகிற நேரம். தூரத்தில் வரும்போதே சத்தம் கேட்டது. இரண்டு பையன்கள், லிந்தாங் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள், ஒரு பெரோடுவா மைவி காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள். "அண்ணே, இதுக்கு எக்ஸோஸ் ரெடிமேடா வாங்குறதா, கஸ்டமா அளந்து அடிக்கிறதா?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லாமல் காடியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். பின் சைலன்சரே இல்லை. நடுக் குழாய் கிரைண்டர் போட்டு அறுத்த வாயோடு, பிசிறு கூடத் தேய்க்காமல், பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஈப்போவில் ஒரு கடையில் அறுத்தார்களாம், அப்புறம் விலை ஒத்துவரவில்லையாம், அப்படியே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்களாம். அறுத்த சைலன்சர் எங்கே என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இந்த வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். அந்தப் பார்வையை மாதத்துக்கு ஒரு முறையாவது பார்த்துவிடுகிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கு என் பழைய காடிதான் ஞாபகம் வருகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். டூப்ளிகேட் வாங்காதே, நாலு கடையில் விலை கேள் என்பதையெல்லாம் யாரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

ஒரிஜினலை அறுக்க விடுவது

2009-இல் நான் செம்பனை ஆலையில் ஃபிட்டர். கையில் ஒரு செகண்ட் ஹேண்ட் மைவி 1.3, மேனுவல். ஈப்போவில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். தவுக்கே (கடை முதலாளி) அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, கேட்டலிட்டிக்கோடு (புகையைச் சுத்தம் செய்கிற பாகம்) எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரண்டரை அங்குல ஸ்டெயின்லெஸ் நேராக இழுத்துவிடலாம், 1,400 வெள்ளி (ரிங்கிட்) என்றார். சரி என்றேன். நான் எதிர்க்கடையில் மீ கோரெங் சாப்பிட்டு முடிப்பதற்குள் பழையது முழுக்க மூன்று துண்டாகத் தரையில் கிடந்தது. சாயங்காலம் கடை வாசலில் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது, அதை மறைக்க மாட்டேன். அந்தத் துண்டுகளைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை.

மறுநாளே செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. கேட்டலிட்டிக் சரியாக வேலை செய்கிறதா என்று கண்காணிக்கத்தான் அதற்குப் பின்னால் ஓர் ஆக்சிஜன் சென்சர் இருக்கிறது. கேட்டலிட்டிக்கே இல்லையென்றால் அது புகார் சொல்லத்தானே செய்யும், ஸ்கேனர் மாட்டினால் பி0420 என்ற கோளாறு எண் வரும். கேட்டலிட்டிக்குக்கு முன்னால் இருக்க வேண்டிய இன்னொரு சென்சருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வெல்டிங்கில் ஊசி முனை அளவு கசிவும் இருந்தது. அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும், சென்சர் அதைப் பார்த்து பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று நினைக்கும், எஞ்சின் கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோலை ஊற்றும். பெட்ரோல் ஏன் இப்படிக் குடிக்கிறது என்று நான் மூன்று மாதம் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

அதுகூடப் பரவாயில்லை. மறு வருடம் காடியை விற்கப் போனேன். வாங்க வந்தவர் நல்ல மனிதர், விலை பேசி முடித்தாயிற்று, முன்பணமும் கொடுத்துவிட்டார். பெயர் மாற்றுவதற்கு அப்போது புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையத்தில் பி5 பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது, அங்கே எக்ஸோஸைப் பார்த்த உடனேயே ஃபெயில். சரி, பழையதை மாட்டிவிடலாம் என்று அந்தக் கடைக்குப் போனால், "பழைய சாமானை யார் இத்தனை நாள் வைத்திருப்பார்கள்" என்றார்கள். கேட்டலிட்டிக்குக்குள் தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி இருக்கும். அதன் மேல் பூசியிருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். பழைய சாமான் வாங்குகிறவர்கள் அதற்கு நல்ல விலை கொடுப்பார்கள். என் காடியில் இருந்த அந்தச் சாமானின் விலையையும் சேர்த்துத்தான் நான் அன்று கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. அப்புறம் பழைய காடிப் பாகங்கள் விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் ஏறி இறங்கி, ஒரு கடையில் நடுக்குழாயும் இன்னொரு கடையில் சைலன்சரும் பிடித்து, கேட்டலிட்டிக்கைப் புதிதாக வாங்கி, எல்லாவற்றையும் ஒட்டவைத்து முடிப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. வாங்க வந்தவர் வேறு காடி பார்த்துக்கொண்டு போய்விட்டார். மொத்தச் செலவு முதலில் கொடுத்த 1,400 வெள்ளியைத் தாண்டியது.

இத்தனை வருடம் கழித்தும் எரிச்சல் தீராததற்குக் காரணம், இதைத் தவிர்க்க அரை மணி நேர வேலை போதும் என்பதுதான். கம்பெனிக்காரன் குழாயைச் சில இடங்களில் ஃபிளாஞ்ச் (போல்ட் ஓட்டையுள்ள தட்டு) வைத்து, நடுவில் கேஸ்கெட் கொடுத்து, போல்ட் போட்டு இணைத்திருக்கிறான். அந்த போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்கும். முதல் நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டு, மறுநாள் நட்டை மட்டும் டார்ச் வைத்துச் சுட்டால் கழன்றுவிடும். அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் கிரைண்டரை எடுக்கிறார்கள். கிரைண்டர் சத்தம் கேட்டால் எழுந்து போய் நிறுத்துங்கள், தம்பி. கஸ்டமாகவே செய்துகொள்ளுங்கள், ஆனால் புதுக் குழாயிலும் அதே இடத்தில், அதே போல்ட் இடைவெளியில் ஃபிளாஞ்ச் வைக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் எப்போது வேண்டுமானாலும் கழற்றிப் பழையதை மாட்டலாம்.

சில காடிகளில் நடுக்குழாயும் பின் சைலன்சரும் ஒரே துண்டாக வரும், இடையில் ஃபிளாஞ்சே இருக்காது. அந்த மாதிரி இருந்தால் ஹாஃப்-கட் கடையில் அதே மாடலின் பழைய துண்டு ஒன்றை வாங்கி, அதை அறுத்துக் கஸ்டம் செய்யுங்கள். உங்களுடையது முழுதாக இருக்கட்டும். கழற்றியதைத் தண்ணீர் வடியக் கவிழ்த்து வைத்து, சாக்கில் சுற்றி, வீட்டு உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், ஒரு நாள்கூட.

ரெடிமேடின் உண்மையான லாபம் சத்தமோ பவரோ இல்லை. ஒரிஜினல் போல்டிலேயே ஏறும், ஒரிஜினல் போல்டிலேயே இறங்கும், அவ்வளவுதான். கஸ்டமின் லாபம், உங்கள் காடிக்கு அடியில் படுத்து அளந்து செய்வது. திரும்பிப் போக வழி இருந்தால் இரண்டும் நல்லதுதான்.

பெரிய குழாய் என்றால் பெரிய பவர் என்று நம்புவது

இரண்டு அங்குலத்துக்கும் இரண்டரை அங்குலத்துக்கும் அரை அங்குலம்தான் வித்தியாசம் என்று தோன்றும். உள்ளே இருக்கும் பரப்பைக் கணக்குப் போட்டால் இரண்டரை அங்குலக் குழாய் 56 சதவீதம் பெரியது. சின்ன எஞ்சின் விடுகிற புகை அதில் மெதுவாகப் போகும், சீக்கிரம் ஆறிவிடும். எஞ்சினுக்கு 'பேக் பிரஷர்' வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. எந்த எஞ்சினுக்கும் அடைப்பு தேவையில்லை, தேவைப்படுவது புகையின் வேகம். ஒரு சிலிண்டரின் புகை வேகமாகப் போகும்போது தனக்குப் பின்னால் அழுத்தத்தைக் குறைத்துவிட்டுப் போகிறது, அந்த இழுப்பில்தான் அடுத்த புகை சுலபமாக வெளியேறும். வேகம் போனால் அந்த இழுப்பும் போய்விடும், அது முதலில் தெரிவது கீழ் ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு தோட்டத்து மேட்டில் ஏறும்போது இரண்டாவது கியரில் போன காடி முதல் கியர் கேட்கிறது என்றால் காரணம் அதுதான். டர்போ இல்லாத 1.3-க்கு நான் ஒன்றே முக்கால் அங்குலத்தைத் தாண்ட மாட்டேன், 1.5-க்கு இரண்டு.

ஒரே மாடல்தானே, மாட்டிவிடலாம் என்று ரெடிமேட் வாங்குவது

முதல் தலைமுறை மைவி ஜப்பானில் இருக்கும் டைஹாட்சு பூனின் அடிப்படையில் வந்தது. அதனால் பூனுக்குச் செய்த ஜப்பான் சைலன்சர் அப்படியே ஏறிவிடும் என்று நம்பிப் பலர் வாங்குகிறார்கள். சைலன்சரைத் தொங்கவிடும் ஹேங்கர் இருக்கும் இடமும் பம்பர் வெட்டும் ஒரு விரல் மாறினாலே போதும், கடைசியில் அறுத்து ஒட்ட வேண்டி வரும். ரெடிமேட் விலையையும் கொடுத்து கஸ்டம் கூலியையும் கொடுப்பீர்கள். மாடல், வருடம், எஞ்சின், கியர் நான்கையும் சொல்லி, ஏறாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மேக்னட் ஒட்டவில்லை, அதனால் 304 என்று முடிவு கட்டுவது

மேக்னட் சோதனை பாதி உண்மைதான். 304, 409 என்பவை ஸ்டெயின்லெஸ் ரகங்கள்; 304-இல் மேக்னட் அநேகமாக ஒட்டாது, 409-இல் ஒட்டும். ஆனால் 201 என்று ஒன்று இருக்கிறது, நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்வது. அதிலும் ஒட்டாது. பளபளப்பும் அதே பளபளப்பு. நம் மழைக்கும் செம்மண் சடக்குச் சேற்றுக்கும் அது 304 அளவுக்குத் தாங்காது. குழாயின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். அச்சு இருக்கும் பக்கத்தைத் தேய்த்து அழித்திருந்தால் அந்தக் குழாய் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வெல்டிங்கையும் பாருங்கள், ஆனால் வெளியே பார்க்காதீர்கள். ஆர்கன் வெல்டிங் செய்யும்போது குழாய்க்கு உள்ளேயும் ஆர்கன் வாயு விட வேண்டும். விடாவிட்டால் வெளியே மீன் செதில் மாதிரி அழகாக இருக்கும், உள்ளே விரலை விட்டுத் தடவினால் உடைத்த கருப்பட்டி மாதிரி கரடுமுரடாக இருக்கும். விரிசல் விடுவது அங்கேதான்.

நியூட்ரலில் சத்தம் கேட்டு ஆசைப்படுவது

கடை வாசலில் நிறுத்தி மிதித்துக் கேட்கிற சத்தம் நீங்கள் தினமும் கேட்கப் போகிற சத்தம் இல்லை. நெடுஞ்சாலையில் 3,000 ஆர்பிஎம்மில் ஒரே சீராகப் போகும்போது நாலு சிலிண்டர் எஞ்சின் வினாடிக்கு 100 முறை வெடிக்கிறது. அந்த 100 ஹெர்ட்ஸ் காடிக்குள் தேங்கி 'ம்ம்ம்' என்று காதை அடைக்கும், ஈப்போவில் ஏறி தஞ்சோங் மாலிம் போவதற்குள் தலை வலிக்கும். கஸ்டம் செய்கிறவருக்கு வேலை தெரிந்தால் இதற்கு ஒரு கிளைக் குழாய் வைத்துத் தருவார், ஒரு முனை அடைத்தது, சூட்டைக் கணக்கில் எடுத்தால் ஏறக்குறைய 1.2 மீட்டர் நீளம் வரும். சத்த அலை அதற்குள் போய்த் திரும்பி வந்து தன்னையே அடித்துக்கொள்ளும். ரெடிமேடில் நீங்கள் எதுவும் செய்ய முடியாது, அதே சைலன்சர் மாட்டிய காடி ஒன்றில் முதலில் ஏறிப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. பக்கத்து வீட்டில் இருப்பவர் ரப்பர் பால் வெட்டுக்கு விடியற்காலை கிளம்புகிறவராக இருப்பார், எட்டு மணிக்கே படுத்துவிடுவார். ராத்திரி பதினொரு மணிக்கு நீங்கள் வீடு திரும்பும்போது அவரை எழுப்பும் எக்ஸோஸை நான் செய்து கொடுப்பதில்லை.

சைலன்சர் அடியில் இருக்கும் ஓட்டையை அடைப்பது

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குழாய் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகப் போய்விடும். தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஐந்து கிலோமீட்டர், சாமான் வாங்கிக்கொண்டு திரும்ப ஐந்து கிலோமீட்டர் என்று ஓடும் காடியில் குழாய் சூடேறுவதே இல்லை. தண்ணீர் சைலன்சரில் தங்கும், உள்ளிருந்து அரிக்கும். அந்தத் தண்ணீர் வடியத்தான் கம்பெனிக்காரன் அடியில் சின்ன ஓட்டை விட்டிருக்கிறான். போன வருடம் மட்டும் இப்படி அடைத்த மூன்று காடிகள் என்னிடம் வந்தன. புதுச் சைலன்சரில் ஓட்டை இல்லை என்றால் தாழ்வான இடத்தில் 3 மில்லி துளை போடச் சொல்லிக் கேளுங்கள்.

ஆடாமல் இறுக்கி மாட்டுவது

மூன்று மீட்டர் 304 குழாய் 300 டிகிரி சூடேறினால் 15 மில்லி நீளும். சாதாரண இரும்பு அவ்வளவு நீளாது. வளைந்து கொடுக்கும் ஃபிளெக்ஸி குழாயும் ரப்பர் ஹேங்கரும் எதற்கு இருக்கின்றன என்று இப்போது தெரியும்.

பேட்டரியைக் கழற்றாமல் காடியில் வெல்டிங் வைப்பது

நெகட்டிவைக் கழற்றுங்கள். கம்ப்யூட்டர் போனால் எக்ஸோஸ் விலையைவிட அதிகம்.

கேட்டலிட்டிக்கை எடுப்பது

எடுக்காதீர்கள்.

அந்தப் பையன்கள் திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஈப்போ போனார்கள். சைலன்சர் கடைக்குப் பின்னால் இரும்புக் குவியலில் இன்னும் கிடந்ததாம், லாரி வருவது புதன்கிழமையாம். கொண்டுவந்து கொடுத்தார்கள். அறுத்த இரண்டு வாயிலும் ஃபிளாஞ்ச் வைத்து, கேஸ்கெட் போட்டு, அதையே திரும்ப மாட்டி அனுப்பினேன். எந்தப் பக்கம் போவது என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை, சம்பளம் வந்த பிறகு யோசிக்கலாம் என்று இருக்கிறார்கள்.