ஊட்டச்சத்து இயல் படிக்கச் சேருமுன் கேட்க வேண்டியது

பிளஸ் டூ முடித்து ஊட்டச்சத்து, உணவுமுறையியல் பட்டப்படிப்பில் சேர விரும்புவோர், கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன், மருத்துவமனைப் பயிற்சி எத்தனை வாரம், எந்தெந்த வார்டுகளில் என்று அவசியம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரக நோயாளிக்கான காய்களைப் பொடியாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் குறையும் என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு. சாம்பார் இல்லாமல் சோறு இறங்காத ஒரு பெரியவரிடம் அதைப் பொறுமையாகச் சொல்லி ஏற்கவைப்பது வேறு. உயிர்வேதியியல் முக்கியப் பாடம் என்பதால், பள்ளியில் வேதியியலை ஒதுக்கியவர்கள் கூடுதலாக உழைக்க நேரும். மருத்துவமனை தவிர, உணவு நிறுவனங்களின் தரக் கட்டுப்பாடு, விளையாட்டு வீரர்களுக்கான உணவுத் திட்டம், ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போன்ற இடங்களில் ஆராய்ச்சி என வேறு வழிகளும் உண்டு. ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தால் முதுகலைப் படிப்பையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.