காயலான் கடைச் சாமானில் பந்து எறியும் மெஷின்

பேட்டிங் பழக ஆசைப்படுகிற பையன்களுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமே இல்லை. அவர்களுக்குச் சளைக்காமல் பந்து போடத்தான் ஆள் கிடையாது. பத்துப் பந்து போட்டதும் அவனுக்கும் பேட்டைப் பிடிக்க ஆசை வந்துவிடும், நியாயம்தானே? மன்னார்குடிக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். களையெடுக்கும் கோனோவீடர், உழும் பவர் டில்லர், மருந்து தெளிக்கும் ஸ்ப்ரேயர் இவற்றைப் பழுது பார்ப்பதுதான் தொழில். அக்கா மகன் "மாமா, பௌலிங் மெஷின் ஒண்ணு செஞ்சு குடுங்க" என்று நச்சரித்ததில் இந்த வேலையில் இறங்கினேன். லேத்தும் வெல்டிங்கும் உள்ள எந்தப் பட்டறையிலும் இதைச் செய்யலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். செய்து தரச் சொல்லும் பையன்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு ஸ்பீடு போகும்?" என்பதுதான். அதைக் காதில் வாங்காதீர்கள். பந்து ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், திரும்பத் திரும்ப விழ வேண்டும். மெஷினின் பிரயோஜனமே அதுதான். கவர் டிரைவ் என்ற அடி கைக்குப் படிய வேண்டுமானால் அந்தப் பந்து அடுத்தடுத்து அதே இடத்தில் வர வேண்டும். மனிதக் கை அதைச் செய்யாது.

இந்த ஆசை புதிதும் அல்ல. இங்கிலாந்தில் 1830களிலேயே நிக்கோலஸ் ஃபெலிக்ஸ் என்ற ஆட்டக்காரர் கவண் மாதிரி வீசும் ஒரு பொறியைப் பயிற்சிக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் கணிதம் சொல்லிக்கொடுத்த சார்லஸ் ஹிண்டன் 1890களில் வெடிமருந்து போட்டே பேஸ்பாலைச் சுட்டார்! பேட்டர்கள் மிரண்டதில் ஆச்சரியம் இல்லை. பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்த் 1920களில் கையால் சுற்றும் பந்தெறி பொறியைச் செய்தார். நாம் செய்யப்போவது இரட்டைச் சக்கர வகை. எதிரெதிராகச் சுற்றும் இரண்டு டயர்களுக்கு நடுவே பந்தைத் தள்ளினால், அவை பிடித்து இழுத்து முன்னால் உமிழ்ந்துவிடும். அவ்வளவுதான் தத்துவம்.

சக்கரத்துக்கு, மூட்டை தள்ளும் கைவண்டியின் காற்றடைத்த டயர் போதும். வெளிவிட்டம் 25 செ.மீ. அளவில் இருக்கும், காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கும். கெட்டி ரப்பர் சக்கரம் வேண்டாம். காற்று டயர்தான் பந்தைக் கவ்வும். பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருந்தால் தொடவே தொடாதீர்கள். மோட்டார் இரண்டு, 24 வோல்ட், 250 வாட் டிசி, எலெக்ட்ரிக் சைக்கிளில் வருகிற வகை. நிமிடத்துக்குச் சுமார் 2,700 சுற்று. வீட்டுக் கரண்டில் ஓடும் மோட்டாரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மெஷினை வைக்கப்போகும் நெற்களத்தில் கரண்டு கிடையாது, ஒயரை இழுத்துப்போய் ஈரத்தில் போடுவது ஆபத்து, வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும் சிரமம். டிசி என்றால் மோட்டாருக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீடு கன்ட்ரோலர் வைத்துக் குமிழைத் திருகினால் முடிந்தது.

பேட்டரிக்கு அலைய வேண்டாம். டெல்டாவில் ஊருக்கு ஊர் பேட்டரி ஸ்ப்ரேயர் இருக்கிறது. அதிலுள்ள 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட். 12 ஆம்பியர்-மணி உள்ளதாகப் பாருங்கள். 8 என்றால் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஒவ்வொரு மோட்டார் ஒயரிலும் 20 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்.

இப்போது கொஞ்சம் கணக்கு. மோட்டாரின் மெல்லிய தண்டில் நேராக டயரை மாட்டாதீர்கள், ஒருபக்கச் சுமையில் பேரிங் போய்விடும். டயருக்கு ஒன்றாக 20 மி.மீ. ஷாஃப்ட்டை லேத்தில் டர்னிங் பிடித்து, இரண்டு பக்கமும் யுசிபி 204 பிளம்மர் பிளாக் (ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங் கூடு) போட்டு, நடுவில் டயரைப் பொருத்துங்கள். மோட்டாரில் 3 இஞ்சு புல்லி, ஷாஃப்டில் 5 இஞ்சு புல்லி, இடையில் ஏ செக்‌ஷன் வி-பெல்ட். 2,700 சுற்று 1,620 ஆகக் குறையும். 25 செ.மீ. டயரின் சுற்றளவு 78.5 செ.மீ.; பெருக்கிப் பார்த்தால் விளிம்பு வேகம் மணிக்கு 76 கி.மீ. சறுக்கலில் கொஞ்சம் கழியும். டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டுக்கு இது தாராளம். புல்லியை மாற்றி வேகத்தைக் கூட்டச் சொல்லிப் பையன்கள் கெஞ்சுவார்கள். கைவண்டி டயர் அந்த ஓட்டத்துக்குச் செய்ததல்ல என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். கிரிக்கெட் பந்தும் இதில் வேண்டாம்.

பெல்ட் மாட்டுமுன் டயரைச் சமன் செய்வதுதான் இந்த வேலையின் உயிர். ஷாஃப்டோடு டயரைக் கையால் மெல்லச் சுற்றி விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம். அதற்கு நேர் எதிரே ரிம்மில் ஈயத் துண்டை ஒட்டி, எந்த இடத்திலும் நிற்கும்வரை சரிபாருங்கள். இதில் சோம்பல்பட்டால் சட்டம் உதறும். சட்டம் உதறினால் பந்து ஒரே இடத்தில் விழாது, அப்புறம் மெஷின் எதற்கு?

சட்டத்துக்கு 40 மி.மீ. இரும்பு ஆங்கிள். நான்கு கால் வேண்டாம், மூன்று கால் போதும். மேடு பள்ளமான தரையிலும் ஆடாமல் உட்காரும். டயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, நடு உயரம் தரையிலிருந்து 1.9 மீட்டர். பந்து போடுகிறவனின் கை உயரம் கிட்டத்தட்ட அதுதான். கீழ் டயரை நிலையாக வைத்து, மேல் டயரின் பிளம்மர் பிளாக்கை மேலும் கீழும் நகர்த்த நீளத் துளை போடுங்கள். டென்னிஸ் பந்து 6.5 செ.மீ.க்குச் சற்றுக் கூட இருக்கும். இடைவெளியை 5 செ.மீ.யில் தொடங்கி, பந்து சறுக்கினால் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். டயரில் காற்று குறைவாகவே இருக்கட்டும். இரண்டும் எதிரெதிராகச் சுற்ற, ஒரு மோட்டாரின் ஒயரை மாற்றிக் கொடுத்தால் போதும். பந்து உள்ளே போக 75 மி.மீ. பிவிசி பைப் ஒரு முழம், வாய் டயரைத் தொடாத தூரத்தில், இரண்டு டயருக்கும் நடுவே குறி பார்த்தபடி.

டயர், பெல்ட் இரண்டையும் தகரத்தால் மூடுங்கள். துண்டு, வேட்டி நுனி, சின்னப் பிள்ளை விரல் எதுவும் உள்ளே போக வழி இருக்கக்கூடாது. கைக்கு எட்டுகிற இடத்தில் மொத்தத்தையும் நிறுத்தும் சுவிட்ச் ஒன்று.

நிறுவுவதற்குச் சிமென்ட் களம்தான் நல்ல இடம். தை, மாசியில் நெல் கிடக்கும், கிட்டே விடமாட்டார்கள். சித்திரை, வைகாசியில் காலி. பட்டறைக்காரர்களுக்கும் செய்ய வசதியான காலம் அதுதான். ஜூன் 12இல் மேட்டூர் திறக்கும் என்று பேச்சு வந்துவிட்டால் பழுதுக்கு வரும் வண்டிகளுக்கு நடுவே இதற்கு நேரம் கிடைக்காது. சட்டத்தின் காலில் மணல் மூட்டை போட்டு அழுத்துங்கள். ஸ்டம்புக்கு ஸ்டம்பு 20.12 மீட்டர். பேட்டர் பக்க ஸ்டம்பிலிருந்து 5 மீட்டரில் ஒரு சாக்கை விரித்துக் குறி வைக்கலாம். 70 கி.மீ. வேகத்தில் டயர்களையும் பைப்பையும் கீழே சாய்க்கத் தேவையில்லை. கிட்டத்தட்ட மட்டமாக, மூக்கு ஒரு துளி மேலே தூக்கி இருந்தாலே பந்து அங்கே இறங்கும். குமிழ்களை மெல்ல ஏற்றுங்கள், சட்டென்று திருகினால் பேட்டரி திணறும். பந்து போடும்போது நேரே உள்ளே தள்ளிவிடாமல், தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, பேட்டர் தலையசைத்த பிறகு விடுங்கள்.

மேல் டயரை வேகமாக்கினால் பந்து டாப் ஸ்பின்னில் சீக்கிரம் இறங்கும். கீழ் டயரை வேகமாக்கினால் மிதந்து வரும். சட்டத்தையே பக்கவாட்டில் படுக்கவைக்க ஒரு சுழல் போல்ட் வைத்திருந்தால் இன்னும் ருசி: வலது டயர் வேகமாக ஓடினால் பந்து இடது பக்கம் வளையும், இடது என்றால் வலது. வேகத்தைக் குறைத்து, டயர்களோடு சேர்த்துப் பைப்பை 45 டிகிரி நிமிர்த்தினால் உயரக் கேட்ச் பழகலாம். எங்கள் பையன்களுக்கு உண்மையில் தேவை இதுதான், ஆனால் கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

பந்து முன்னும் பின்னுமாக விழ ஆரம்பித்தால் மெஷினைப் பிரிக்காதீர்கள், முதலில் பந்தைப் பாருங்கள். புதிய பந்தும் ரோமம் போன பந்தும் கலந்திருந்தால் ஒன்று போல் பிடிக்காது. பனி பட்ட பந்து நிச்சயம் சறுக்கும். டயரில் படிகிற பச்சைத் தூளை ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் பெல்ட் தளர்ச்சியைப் பாருங்கள். மோட்டார் அடித்தட்டிலும் நீளத் துளை போட்டிருந்தால் இழுத்து முறுக்க ஒரு நிமிடம்.

சம்பா அறுவடையில் இதற்கு வேறு வேலை உண்டு. டயரைக் கழற்றி, அதே ஷாஃப்டில் 18 இஞ்சு ஃபேன் இறக்கையைப் பொருத்தி, கம்பி வலை மூடி போட்டால் காற்றில்லாத நாளில் நெல் தூற்றலாம். குமிழை 1,300 சுற்றுக்கு மேல் ஏற்றாதீர்கள். பதர் பறக்கும் தூசியில் மோட்டார் அடைத்துக்கொள்ளும். திரும்ப டயர் மாட்டுமுன் மோட்டாருக்குள் கரண்டு கடத்தும் கார்பன் பிரஷ்ஷைக் கழற்றி ஊதிவிட்டு மாட்டுங்கள்.