துயரக் களத்தில் கேமராவும் கையும்: இளம் புகைப்படச் செய்தியாளர்களுக்கு

விபத்துக் களத்தில் போய் நின்ற பிறகு, படம் எடுப்பதா கைகொடுப்பதா என்று யோசிக்கத் தொடங்குபவர் பெரும்பாலும் இரண்டையுமே தவறவிடுவார். ஆகவே கிளம்பும் முன்பே ஆயத்தமாகுங்கள்: முறையான முதலுதவிப் பயிற்சி பெறுங்கள், கேமராப் பையில் மாற்று பேட்டரி வைக்கும் பக்க அறையிலேயே ஒரு கட்டுத்துணிச் சுருளையும் ஒரு ஜோடி கையுறையையும் வைத்துக்கொள்ளுங்கள்.

களத்தில் முதலில் எழ வேண்டிய கேள்வி, ‘இந்த உயிருக்கு உதவ என்னைவிட்டால் இங்கு வேறு ஆள் உண்டா?’ என்பதே. இல்லையெனில், கேமராவைத் தோளில் மாட்டிவிட்டுக் குனிய வேண்டும். 1972 ஜூன் 8 அன்று தெற்கு வியட்நாமின் டிராங் பாங் கிராமத்தில் நாபாம் என்னும் தீக்குண்டால் உடல் வெந்து ஓடிவந்த 9 வயதுச் சிறுமி கிம் புக்கை, அசோசியேட்டட் பிரஸ் புகைப்படக்காரர் நிக் உட் வேனில் ஏற்றி கூ சி மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் படச்சுருளுடன் சைகோன் திரும்பினார். அவள் ஓடிவரும் அந்தப் புகழ்பெற்ற படத்தை எடுத்தவர் யார் என்பதில் பிற்காலத்தில் சர்ச்சை எழுந்தது. எனக்கோ படத்தைவிட அந்த வேன் பயணமே பெரிதாகத் தெரிகிறது.

ஆட்கள் இருந்தும் உதவி பலிக்காத இடங்களும் உண்டு. மனத்தை அதிகம் அறுப்பவை அவையே. 1985 நவம்பர் 13 அன்று கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்து, சேற்று வெள்ளம் அர்மேரோ நகரை மூடியது. இடிபாடுகளில் கால்கள் சிக்கி, கழுத்தளவு நீரில் மூன்று நாள் தவித்தாள் 13 வயது ஒமைரா சான்செஸ். சுற்றிலும் மீட்பாளர்கள் இருந்தும் அவளை விடுவிக்கத் தக்க கருவிகள் இல்லை. நீரில் ஊறி வெளுத்த விரல்களும் கறுத்துப்போன கண்களுமாய் அவள் நேரே பார்ப்பதை ஃபிராங்க் ஃபூர்னியர் படம் பிடித்தார். எச்சரிக்கைகள் வந்திருந்தும் மக்களை வெளியேற்றாத அரசை அந்தப் பார்வை உலகின் முன் நிறுத்தியது. இத்தகைய இடத்தில் மீட்பாளரின் வழியை அடைக்காமல், தேவையான அளவே எடுங்கள், பிளாஷைத் தவிருங்கள், பேசும் நிலையில் இருப்பவரிடம் நாலு வார்த்தை பேசுங்கள்.

எடுத்ததோடு வேலை முடிவதில்லை. 1993 மார்ச்சில், இன்றைய தெற்கு சூடானின் அயோட் என்னும் ஊரில், பசியால் சுருண்ட குழந்தையையும் பின்னே அமர்ந்திருந்த கழுகையும் படமெடுத்த கெவின் கார்ட்டர், பறவையை விரட்டிவிட்டதாகக் கூறினார். ஆனால் குழந்தை என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்டபோது, உணவு மையத்தை அது அடைந்ததா என்பது தெரியாது என்றே படத்தை வெளியிட்ட நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அறிவிக்க நேர்ந்தது. எனவே, நீங்கள் படமெடுத்தவரை யார், எங்கே கொண்டுசென்றார்கள் என்று குறிப்பேட்டில் எழுதி, அதைப் படவிளக்கத்தோடு சேர்த்தே அனுப்புங்கள்.

துக்கத்தில் இருப்பவரை எடுக்கும்போது தூரத்தைக் காத்துக்கொள்ளுங்கள். கையசைத்து மறுத்தால் உடனே கேமராவைத் தாழ்த்துங்கள். முடிந்தால் உறவினர் ஒருவரின் தொலைபேசி எண்ணைப் பெற்று, படம் அச்சேறும் முன் அவரிடம் சொல்லிவிடுங்கள்; தம் வீட்டுப் பிள்ளையின் உடலை அவர்கள் காலையில் டீக்கடைச் செய்தித்தாளில் காண நேரக் கூடாது.