மார்கழில கனடா போறாக்களுக்கு: குளிருக்குள்ள ட்ரவுட் மீன் பிடிக்கிற விதம்

வெள்ளவத்தைல இருந்து டிசம்பர், ஜனவரில சொந்தக்காரரைப் பார்க்க ரொறொன்ரோ போறாக்கள் கனபேர், குளிருக்கு மீன் கிடைக்காதெண்டு வீட்டுக்குள்ளயே இருந்துட்டு வந்துடுறாங்க. கிடைக்கும். முதல்ல லைசன்ஸ் எடுங்கோ, பிறகு ஒன்டாரியோ ஏரிக்குள்ள விழுற ஆறுகள்ல எந்தப் பகுதி குளிர்காலத்திலயும் திறந்திருக்கெண்டு பாருங்கோ, கன இடம் மூடித்தான் கிடக்கும்.

தண்ணி 4, 5 டிகிரிக்குக் கீழ போனா ட்ரவுட் மந்தமாகிடும், இரையைத் துரத்தி வராது, அதால ஃப்ளையை (பூச்சிமாதிரிக் கட்டின கொக்கி) நீங்கதான் அதின்ர மூக்குக்கிட்ட கொண்டுபோய் விடோணும். இழுப்பான தண்ணியை விடுங்கோ, ஆழமா மெல்ல நகர்ற மடுவுகள்லதான் அடியோட கிடக்கும். விடியக்காலமை ஓடத் தேவையில்ல, 11ல இருந்து 3 மணி வரைக்கும் தண்ணி கொஞ்சம் சூடேறும், எனக்கு கூடுதலா அந்த நேரத்துலதான் பட்டிருக்கு.

டங்ஸ்டன் மணி போட்ட பாரமான நிம்ஃப் (தண்ணிக்கடிப் பூச்சிக்குஞ்சு மாதிரி ஃப்ளை) ஒண்டு, அதுக்குக் கீழ ஒண்டரை அடி தள்ளி 18 இல்லாட்டி 20 நம்பர் கொக்கில சின்ன மிட்ஜ் (கொசுமாதிரி ஃப்ளை). இண்டிகேட்டரை (மீன் கடிச்சாக் காட்டுற மிதப்பு) ஃப்ளைல இருந்து தண்ணி ஆழத்தைப்போல ஒண்டரை மடங்கு மேல கட்டி, ஆத்துக்கு மேல்பக்கமா வீசி, தண்ணி போற வேகத்துலயே மிதக்க விடுங்கோ, லைன் இழுத்தா ஃப்ளையும் இழுபடும், மீன் திரும்பியும் பாராது. இடைக்கிடை அடிக்கல்லுல தட்டோணும், தட்டவே இல்லையெண்டா இன்னும் ஆழம் விடுங்கோ. பெரிய இழுவை எதிர்பார்க்காதீங்கோ, இண்டிகேட்டர் ஒரு கணம் தயங்கி நிண்டாலே றொட்டைத் தூக்குங்கோ.

பூச்சியத்துக்குக் கீழ போனா றொட் வளையத்துக்குள்ள ஐஸ் வெள்ளை வெள்ளையா மணி கட்டி லைன் ஓடாது. விரலால நெரிச்சு உடைக்காதீங்கோ, நான் அப்பிடித்தான் நுனி வளையத்தை முறிச்சனான், றொட்டைத் தண்ணிக்குள்ள கொஞ்சம் வச்சிருந்தா அது தானா கரையும். கொட்டன் சொக்ஸ் வேண்டாம், கம்பளி போடுங்கோ. வேடர்ஸ் (தண்ணிக்குள்ள இறங்கப் போடுற நனையாத காற்சட்டை) போட்டா இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கோ, விழுந்தா தண்ணி உள்ள போகாம அதுதான் தடுக்கும்.

பிடிச்ச மீனை விடுறதெண்டா தண்ணிக்கு வெளில எடுக்கவே வேண்டாம், அந்தக் குளிர்க்காத்துல செவுள் உறைஞ்சிடும், கையையும் நனைச்சிட்டுத் தொடுங்கோ. சரளைக்கல்லுல ஒரு இடம் மட்டும் கழுவினமாதிரிப் பளிச்செண்டு இருந்தா அதுல காலே வைக்காதீங்கோ, பிரவுண் ட்ரவுட் இலையுதிர் காலத்துல இட்ட முட்டை அதுக்குள்ள கிடக்கும்.

போக முதல் கொழும்புல வீசிப் பழக காலிமுகத்திடல் புல்லு நல்ல இடம், கொக்கிக்குப் பதிலா துண்டுக் கம்பளி நூல் கட்டுங்கோ, கடல்காத்து எழும்ப முதல் காலமையே போயிடுங்கோ.